விசில்

கிளேஸ் பேயில் காலை ஆறரைக்கு
முதலில் இருமுவது என் எண்ணெய்ப் பவுசர்தான்.
ஒவ்வொரு வீட்டுச் சுவரிலும் இரண்டு குழாய்கள்.
ஒன்றில் எண்ணெய் விடுவேன்.
தாங்கிக்குள் இருந்த காற்று
மற்றதால் விசிலடித்துக்கொண்டு வெளியே போகும்.
விசில் நின்றால் தாங்கி நிறைந்தது.
இந்த வேலைக்குக் காது போதும்.

டோலினா மக்லெலன் வீட்டில்
விசில் தானாக நின்று நான் கேட்டதில்லை.
எப்போதும் இருநூறு லீற்றர்.
அதற்குக் கீழே கொம்பனி அனுப்பாது,
அதற்கு மேலே அவளுக்கு ஏலாது.
மீற்றர் இருநூறைத் தொடக் கைபிடியை மூடுவேன்.
பாதி மூச்சில் அறுந்துபோகும் சத்தம்.

அந்த ஐப்பசியில் பற்றுச்சீட்டில் ஒரு வரி கூடியிருந்தது.
எழுதுகிற வரிக்கும் கட்டுகிற வரிக்கும்
எங்களிடம் ஒரே சொல்தான்,
அதை அவளுக்கு எப்படிச் சொல்ல?
கரிக்கு வரி.
லீற்றருக்குப் பதினேழு சதம் சொச்சம்.
இருநூறுக்கு, முப்பத்தைந்து டொலருக்கு
ஒரு கால் டொலர்க் குற்றி குறைய.

"அப்பா கடலுக்கு அடியில மூண்டு மைல் போய்
கரி வெட்டினவர். அதுக்குக் காசு தந்தாங்கள்.
இப்ப நான் எரிக்கிறதுக்குக் காசு கேக்கிறாங்கள்.
கணக்குப் பாக்க இவ்வளவு காலம் எடுத்ததோ?"
இப்படித்தான் என் காதில் அவள் ஆங்கிலம் விழுந்தது.
சிரித்தாள். வாயிலிருந்து புகை வந்தது.
வீட்டுக்குள் நின்றுதான் பேசினாள்.

வரி பிழை என்று நான் சொல்லமாட்டேன்.
போன வருடத்துப் புயலில்
பக்கத்துத் தெருக் கூரையொன்று
கடற்கரையில் குப்புறக் கிடந்ததை நானும் பார்த்தேன்.
அதோடு, ஒரு நாளைக்குப் பன்னிரண்டாயிரம் லீற்றர் புகையை
வீடு வீடாகப் பங்கு வைக்கிறவன் நான்.
எந்தப் பக்கம் நின்று கதைக்க?

மூன்று மாதத்துக்கு ஒருக்கால்
வங்கியில் திரும்ப வந்து விழுகிறதே நூற்றுச் சொச்சம்,
அது வரவில்லையா என்று கேட்டேன்.
"வந்தது. எந்தக் காசு எதுக்கு வந்ததெண்டு
காசில எழுதியிருக்கோ?
பூனைக்கு ஊசி போட்டன்."

மேல்மாடி மூன்று அறையும் பூட்டு.
கதவுக் கீழிடுக்குகளில் சுருட்டிய துவாய்கள்.
குசினியில் கட்டில்.
வரி வரமுன்பே அந்தக் கட்டில்
அங்கே வந்துவிட்டது.
அதையும் சொல்லத்தான் வேண்டும்.

கார்த்திகையில் அந்த வரியை எடுத்தார்கள்,
எண்ணெய்க்கு மட்டும்.
எதிர்வீட்டில் புரொப்பேன்.
பல்கலைக்கழகப் பிள்ளைகள் ஒன்பது பேர்.
மணிமொழி என்கிற திருச்சிப் பெட்டை
போர்வையோடு தெருவுக்கு ஓடிவந்தாள்:
"அண்ணே, எங்களுக்கு மட்டும் ஏன் எடுக்கல?"
ஒட்டாவாவில எண்ணெய்க்கு ஆள் இருக்கு,
உங்கட சிலிண்டருக்கு ஆளில்லை என்றேன்.
பகிடிக்குத்தான் சொன்னேன்.
பரீட்சைக்கு வரும் என்பதுபோல் தலையாட்டிவிட்டுப் போனாள்.

டோலினா கண்ணாடியை ஏற்றிக்கொண்டு
பற்றுச்சீட்டை மேலிருந்து கீழே,
பிறகு கீழிருந்து மேலே தேடினாள்.
"அந்த முப்பத்தைஞ்சு?"
இல்லை, எடுத்துவிட்டார்கள்.
"அப்ப அதுக்கும் எண்ணெய் விடு."

சுற்றிவைத்த குழாயை மறுபடி இழுத்தேன்.
பத்தொன்பது லீற்றர். அவ்வளவுதான் வரும்.
புயலுக்கு இதில் எத்தனை லீற்றர் போகும் என்று
யாரும் என்னைக் கேட்கவில்லை,
நானும் என்னைக் கேட்கவில்லை.
விரல் விறைத்திருந்தது.

அவள் சப்பாத்தைக் கொளுவிக்கொண்டு
சுவரோரம் வந்து நின்றாள்.
தன் தாங்கியிலிருந்து காற்று வெளியேறுவதை
இத்தனை வருடத்தில் முதல்தரம் பக்கத்தில் நின்று கேட்கிறாளாம்.
"கெண்டி கொதிக்கிற மாதிரி இருக்கு" என்றாள்.
பிறகு, யாரோ அனுமதி கேட்டதுபோல:
"கிழக்கு அறையைத் திறக்கப் போறன்.
ஞாயிற்றுக்கிழமை மட்டும்."

எதிர்வீட்டு யன்னலில் போர்வை அசைந்தது.
இருநூற்றுப் பத்தொன்பது.
மூடினேன்.